கந்தகனின் கால்கள்

ஜூன் 18, ஞாயிறு

இன்று மாலை எங்கள் வீட்டு மாடியில் 'ஓவியர் சூமா ரசிகர் பேரவை'யின் செயற்குழு கூடியது. செயற்குழு என்றால் நானும் இணைச் செயலாளர் கோமதிநாயகமும். மற்றவர்களில் ஒருவருக்குப் பல்வலி. இன்னொருவருக்குக் கல்யாணம். அவருடைய கல்யாணம் இல்லை, ஆனாலும் போயே ஆக வேண்டுமாம்.

பிற்காலத்தில் ஆய்வாளர்கள் யாராவது இந்தக் குறிப்புகளைப் படிக்கக்கூடும். அதனால் சில விவரங்களைத் தெளிவாக எழுதி வைக்கிறேன். என் பெயர் செண்பகவல்லி. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஓர் அரசுக் கால்நடை மருந்தகத்தில் மருத்துவர். பேரவையின் நிறுவனச் செயலாளர். ஓவியர் சூசைமாணிக்கம் 'சூமா' என்று கையெழுத்துப் போட்டு வரைந்த 'கந்தகன்' படக்கதைகள் அத்தனையும் என்னிடம் இருக்கின்றன. தீப்பெட்டி ஆலையில் சாதாரண ஸ்டோர் கீப்பராக வேலை பார்ப்பவன் கந்தகன். ஆபத்து என்றால் சிவப்பு முகமூடியை மாட்டிக்கொண்டு, வலது உள்ளங்கையைச் சொரசொரப்பான எந்தச் சுவரில் உரசினாலும் தீப்பிழம்பு கிளம்பும். மழைக்காலத்தில் மட்டும் ஒன்றும் நடக்காது. அவனுடைய பரம எதிரி டாக்டர் ஈரப்பதம்.

இந்த வரிசை முழுவதிலும் ஓர் அதிசயம் உண்டு. கந்தகனின் பாதங்களை யாரும் பார்த்ததே இல்லை. நின்றால் புகை மறைக்கும். நடந்தால் வேலிக்கருவை மறைக்கும். பறந்தால் மேகம். கிணற்றில் குதித்த இதழில் இரண்டு கெண்டை மீன்கள் சரியாகக் குறுக்கே வந்து நிற்கும். தலைகீழாகத் தொங்கிய இதழில் கால்கள் கட்டத்துக்கு வெளியே போய்விடும். இதை ஆராய்ந்து 'மண் தொடா மாவீரன்: சூமாவின் ஓவியவெளியில் பாத மறுப்பு' என்று ஒரு கட்டுரை எழுதிவருகிறேன்.

கோமதிநாயகம் காப்பீட்டு முகவர். எதையும் கொச்சைப்படுத்தக்கூடியவர். இன்று முறுக்கைக் கடித்துக்கொண்டே, "டாக்டரம்மா, மறுப்பும் இல்ல, பருப்பும் இல்ல. அந்த மனுசனுக்குக் கால் வரைய வராது. அம்புட்டுதான்" என்றார்.

"அவர வரவழைக்கேன். மேடையிலேயே முழு உருவமா வரையச் சொல்லுதேன். அப்பப் பாருங்க" என்றேன்.

"வரைஞ்சிட்டா நான் பேரவைய விட்டே போயிருதேன். வரையலன்னா?"

"செயலாளர் பதவிய நீங்களே எடுத்துக்கோங்க."

நிதானமாக, யோசித்துத்தான் சொன்னேன். கீழே போனதும் வீட்டுக்காரர், "மாடியில என்ன சத்தம்? யாரு அப்படிக் கத்துனது?" என்று கேட்டார். கோமதிநாயகமாக இருக்கும்.

ஜூன் 21, புதன்

தூத்துக்குடிக்குத் தொலைபேசியில் பேசினேன். ஓவியர் சூமாவே எடுத்தார். எழுபத்தெட்டு வயது. குரல் கணீரென்று இருக்கிறது. உலகத்தரம் வாய்ந்த அவருடைய கலைக்கு ஜூலை 15 அன்று கோவில்பட்டியில் பாராட்டு விழா எடுக்க இருப்பதாக விளக்கினேன். நீண்ட மௌனம். நெகிழ்ந்துவிட்டார் என்று புரிந்துகொண்டேன்.

பிறகு கேட்டார்: "கந்தகனா? அதெல்லாம் இன்னுமா ஆளுக வச்சிருக்காக?"

எங்கள் வீட்டிலேயே தங்கலாம் என்றேன். வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றதும் சம்மதித்தார். மேதைகள் எளிமையானவர்கள்.

ஜூன் 25, ஞாயிறு

கட்டுரை நன்றாக வளர்கிறது. முதல் பகுதியை வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் பெயர் ஆவுடையப்பன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கலையில் நாட்டம் இல்லாதவர். பாதி கேட்டுவிட்டு, குக்கர் விசில் அடிக்கிறது என்று எழுந்து போனார். இன்று நாங்கள் குக்கரே வைக்கவில்லை.

கட்டுரையில், கந்தகன் படங்களின் மூலையில் நிற்கும் ஓர் ஆட்டைப் பற்றி எழுதியிருந்த பத்தியை அடித்துவிட்டேன். ஆய்வு என்றால் ஒரு கண்ணியம் வேண்டும்.

ஜூலை 2, ஞாயிறு

வில்லிசேரியில் ஓர் எருமைக்குப் பிரசவம். கன்று நலம். என் கண்ணாடி எருமைக்கு அடியில் போய்விட்டது.

ஜூலை 9, ஞாயிறு

அழைப்பிதழும் பேனரும் வந்துவிட்டன. அழைப்பிதழில் தவறு இல்லை. 'மேடையிலேயே கந்தகனை முழு உருவில், பாதங்களுடன் வரைந்து காட்டுவார்' என்ற வரியைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னது நான். கோமதிநாயகத்தின் பிரதியில் அந்த வரிக்கு அடியில் நானே ஒரு கோடும் போட்டுக் கொடுத்தேன்.

பேனரில்தான் ஒரு சிறு பிழை. 'கந்தகன் விழா' என்பதில் ஒரு எழுத்து விழுந்து 'கந்தன் விழா' ஆகிவிட்டது. சிவப்பு முகமூடி போட்டவன் கையில் தீயோடு நிற்கும் படம் அவ்வளவு பெரிதாக இருக்கும்போது யாருக்கும் குழப்பம் வராது என்று பேனர் கடைக்காரர் சொன்னார். மண்டப வாசலில் கட்டி முடிப்பதற்குள் இரண்டு பெண்கள் வந்து, அன்னதானம் உண்டா என்று விசாரித்தார்கள். ஒருத்தி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஜூலை 13, வியாழன்

வந்துவிட்டார்!

மெலிந்த உடம்பு. வெள்ளை வேட்டி, நீலச் சட்டை, கையில் ரெக்சின் பை. பேருந்து நிலையத்தில் மாலை போட்டேன். காற்று அள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்ற நடத்துநர் கழுத்தில் போட்டுவிட்டது. அவர் திருப்பித் தரத் தயங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் என் சேகரிப்பைக் காட்டினேன். பிளாஸ்டிக் உறை போட்டு, வேப்பிலை வைத்துப் பாதுகாத்த அத்தனை இதழ்களையும் சோபாவில் பரப்பினேன். ஒன்றை எடுத்து ஒரு பக்கம் பார்த்தார். உடனே மூடினார். "நல்லா வச்சிருக்கீங்கம்மா. இந்த உறை எங்க வாங்குனீங்க?" என்றார். பிறகு டிவி ரிமோட் எங்கே என்று கேட்டார்.

அவரும் வீட்டுக்காரரும் வரிசையாக மூன்று சீரியல்கள் பார்த்தார்கள். மருமகளுக்கு விஷம் வைத்தது யார் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. நான் பக்கத்து நாற்காலியில் கட்டுரையோடு உட்கார்ந்திருந்தேன். விளம்பரம் வரும்போதெல்லாம் வாயைத் திறந்தேன். அவர்கள் விளம்பரத்தையும் பார்த்தார்கள்.

எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. நீண்ட பயணம், களைப்பு. நாளை விடுப்பு எடுத்திருக்கிறேன்.

ஜூலை 14, வெள்ளி

காலை உணவு முடிந்ததும் கட்டுரையை முழுமையாக வாசித்தேன். சூமா கண்களை மூடி ஆழ்ந்து கேட்டார். இடையிடையே குறட்டை போன்ற ஓர் ஒலி வந்தது. மூச்சுப் பயிற்சி உள்ளவர் போலிருக்கிறது. பாத்ரூமுக்கு நான்கு முறை போனார். வயது.

'பாதம் என்பது அடிமைத்தனம். அதை வரைய மறுத்ததன் வழியே சூமா ஒரு விடுதலையை வரைகிறார்' என்ற இடத்தில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நெற்றியெல்லாம் வியர்வை. மின்விசிறியைக் கூட்டினேன்.

"நான் மறுத்தனாம்மா?" என்றார்.

"ஆமாய்யா. திட்டவட்டமா."

வாசித்து முடிக்கும்போது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. பிறகு நாளைய நிகழ்ச்சி நிரலைச் சொன்னேன். வெள்ளைப் பலகை, கறுப்பு மை, முழு உருவம்.

"முழு உருவமா?"

"பாதத்தோட ஐயா! இத்தன வருசமா ஒளிச்சு வச்சத நாளைக்கு நம்ம ஊர்ல வெளியிடுதீங்க."

காபி தம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். 

"ரெண்டு பாதமுமா?" என்று கேட்டார்.

கலைஞர்களுக்கே உரிய நுட்பமான நகைச்சுவை. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அது இன்னும் நுட்பம்.

ஜூலை 15, சனி

என்ன எழுதுவது, எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் ஒரு சினைப்பசுவைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினேன். விருந்தினர் அறை காலி. ரெக்சின் பை இல்லை. போர்வை மட்டும் ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. வீட்டுக்காரர் தோசை சுட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா எங்க?"

"ஊருக்குக் கிளம்பிட்டாரு. இப்பத்தான் பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டு வந்தேன்."

"எதுக்கு விட்டீங்க?"

"பெரிய மனுசன் கையப் புடிச்சுக் கேட்டாரு வல்லி. விடாம என்ன செய்ய?" தோசையைத் திருப்பிப் போட்டார். "நீ வாசிச்சதக் கேட்டுட்டு எனக்கே எங்கயாவது போயிரலாமான்னுதான் இருந்துச்சு. எனக்கு இது வீடு. நான் எங்க போவேன்?"

இதற்கெல்லாம் பதில் சொல்ல நேரம் இல்லை. ஸ்கூட்டரை எடுத்தேன். தூத்துக்குடி போகும் பேருந்து, நிலையத்தை விட்டு அப்போதுதான் நகர்ந்தது. நான் ஓடவில்லை. வேகமாக நடந்தேன். "ஏ அண்ணாச்சி, நிறுத்துங்க, அந்தம்மா கையில செருப்பத் தூக்கிட்டு ஓடி வாராங்க" என்று நடத்துநர் கத்தியது மிகை. செருப்பு ஒன்றுதான் கையில் இருந்தது. இன்னொன்று எங்கே என்று இன்னும் தெரியவில்லை.

சூமா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஐயா."

அசைவில்லை.

"ஐயா, நீங்க தூங்குனீங்கன்னா நான் கட்டுரையில மிச்சத்த வாசிப்பேன். பையில இருக்கு."

உடனே கண்ணைத் திறந்தார். "இன்னுமா மிச்சம் இருக்கு?"

பேருந்து ஊரைத் தாண்டியது. இரண்டு பக்கமும் கரிசல் காடு, உடைமரம், காற்று. அவர் வெளியே பார்த்தபடி சொன்னார்:

"எனக்குக் கால் வராதும்மா."

பேருந்து இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாமா என யோசித்தேன். நன்றாகத்தான் கேட்டது.

"மொத புத்தகத்துல போட்டேன். ரெண்டு காலும் போட்டேன். எங்க முதலாளி பாத்துட்டு, 'என்னய்யா, கால் போடச் சொன்னா ரெண்டு கத்திரிக்காயக் கொண்டாந்து வச்சிருக்க'ன்னு சிரிச்சாரு. பிரஸ்ல இருந்த அத்தன பேரையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரிச்சாரு. அந்தப் படம் அச்சுக்கே போகல, அன்னைக்கோட விட்டேன். அதுக்கப்புறம் எதையாவது கொண்டாந்து மறைச்சேன். நீங்க என்னடான்னா நேத்து விடுதலைங்கிய, மறுப்புங்கிய. எனக்கு வேர்த்துப் போச்சு. அம்புட்டுப் பெரிய ஆளு நான் இல்லம்மா. சாயங்காலம் மேடையில ஏறுனா எல்லாருக்கும் தெரிஞ்சிரும்லா."

 கட்டுரையைப் பற்றி நினைத்தேன். கோமதிநாயகத்தின் முகத்தைப் பற்றி நினைத்தேன். தடித்த எழுத்தில் போட்ட அந்த வரியைப் பற்றியும் நினைத்தேன். அவருடைய கை சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்தது. நகத்தடியில் இன்னும் மை இருந்தது.

"நீங்க ஒண்ணும் வரைய வேண்டாம்" என்றேன். "அடுத்த ஸ்டாப்ல இறங்கி நான் போயிருதேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன். கட்டுரையில இல்லாதது."

பயந்து பார்த்தார்.

"எனக்கு உங்க படத்துல ரொம்பப் பிடிச்சது கந்தகன் இல்ல. அந்த ஆடு."

"எந்த ஆடு?"

"எல்லாக் கதையிலயும் ஒரு மூலையில நிக்குமே, கறுப்பு ஆடு. மூஞ்சியில ரெண்டு வெள்ளக் கோடு. கந்தகன் பாங்குல திருடனப் புடிச்சிட்டு இருப்பான், அது வெளிய நின்னு சினிமா போஸ்டரத் தின்னும். டாக்டர் ஈரப்பதம் தண்ணித் தொட்டிய உடைச்சு ஊரே ஓடும்போது, அது மட்டும் குனிஞ்சு தண்ணி குடிக்கும். சின்னப் பிள்ளையில புத்தகம் கைக்கு வந்ததும் நான் மொதல்ல ஆட்டத்தான் தேடுவேன். கந்தகன் பொழச்சானா செத்தானாங்கிறது அப்புறந்தான். அது கன்னி ஆடு, நம்ம பக்கத்து இனம். கொடி ஆடுன்னா கால் இன்னும் நீளம். கன்னியிலயும் வெள்ளக் கோடு உள்ள பால்கன்னி."

சூமா முழுதாக என் பக்கம் திரும்பிவிட்டார்.

"காலேஜ்ல ஆட்டினம் பத்திப் பாடம் நடத்தும்போது எனக்கு ஏற்கெனவே தெரியும். உங்ககிட்டப் படிச்சதுதான்."

"பால்கன்னிதான்" என்றார். குரல் மாறியிருந்தது. "எங்க வீட்டுல நின்னது. பேரு எலிசபெத்து."

"எலிசபெத்தா?"

"கொஞ்சம் கெத்தா நடக்கும். அதான்." சிரித்தார். வந்த நாளிலிருந்து முதல் தடவை. "முதலாளி கந்தகனத் தவிர எதையும் பாக்க மாட்டாரு. வாசகர் கடுதாசியிலயும் ஆட்டப் பத்தி ஒரு வரி வந்ததில்ல. ஒவ்வொரு மாசமும் எனக்காக அத ஒண்ணு போட்டுக்கிடுவேன். இல்லன்னா அந்த வேலையச் செஞ்சிருக்கவே முடியாது."

"நாலு காலும் சரியா இருக்கும் ஐயா. குளம்புப் பிளவு வரைக்கும்."

"ஆட்டுக்கால் வரும்மா. மனுசக்கால்தான் வராது." கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு பாருங்க. அந்தக் கால மறைக்கணுமேன்னுதான் நான் மிச்ச எல்லாத்தையும் வரையப் படிச்சேன். புகையா, புகை. கருவையா, கருவை. ஒரு தடவ ஒண்ணும் கிடைக்காம சந்தைக்கூட்டத்தையே கொண்டாந்து முன்னால நிறுத்துனேன். நூறு பேரு. ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு மூஞ்சி."

அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம். அதில் ஒருத்தி வெண்டைக்காயை ஒடித்துப் பார்ப்பாள், அவள் பையிலிருந்து எலிசபெத் கீரையை உருவும். சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கும் துடைக்க வேண்டியிருந்தது. பேருந்து ஜன்னல் எதுவும் சரியாக மூடாது.

எட்டயபுரத்தில் நான் இறங்க எழுந்ததும், ஜன்னல் வழியே ஆடுகளைப் பார்த்தவர் பையை எடுத்துக்கொண்டு கூடவே இறங்கிவிட்டார். சனிக்கிழமை ஆட்டுச் சந்தை. எங்கு பார்த்தாலும் ஆடு. சூமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனவர்தான். ஒவ்வொரு கன்னி ஆட்டையும் நின்று பார்த்தார், தாடையைப் பிடித்து முகத்தைத் திருப்பிப் பார்த்தார். விலை பேச வந்திருக்கிறார் என்று நினைத்து நான்கு பேர் பின்னாலேயே வந்தார்கள். விழா அழைப்பிதழின் பின்பக்கத்தில் எல்லாம் ஆடு வரைந்தார். தீர்ந்ததும் என் பையில் இருந்த கட்டுரையைக் கேட்டார். பின்பக்கம் காலியாகத்தான் இருந்தது. கொடுத்தேன்.

"கோவில்பட்டிக்கு எப்பம்மா போவோம்? விழா இருக்குல்லா?" என்று அவரேதான் கேட்டார்.

பேருந்துக்குக் காத்திருந்தால் நேரமாகிவிடும். எனக்குத் தெரிந்த மாரிச்செல்வம் வாங்கிய ஆடுகளைச் 'சின்ன யானை' சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். முன்னால் இடம் இருந்தது. சூமா பின்னால் ஆடுகளோடுதான் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். அதனால் நானும் பின்னால் ஏறினேன். வழியில் ஒரு கிடா அவர் மடியிலிருந்த கட்டுரையைத் தின்ன ஆரம்பித்தது. படம் இருந்த தாள்களை மட்டும் நான் பிடுங்கிக்கொண்டேன். மற்றதை எட்டவில்லை. வண்டி குலுங்கியது. கிடா ஒரு முழம் தூரத்தில்தான் நின்றது என்று சூமா பிறகு வீட்டுக்காரரிடம் சொன்னார். அவருக்குத் தூரக் கணிப்பு போதாது.

மண்டபம் நிறைந்திருந்தது. பாதிப் பேர் பேரவை ஆட்கள், நண்பர்கள். மீதி, பேனரைப் பார்த்துக் கந்தனைக் கும்பிட வந்த பெண்கள். முன்வரிசையில் ஒரு பஜனைக் குழு தாளத்தோடு உட்கார்ந்திருந்தது. நான் ஆட்டு வாசனையோடு, வீட்டுக்காரரின் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு மேடை ஏறினேன். கட்டுரை இல்லாததால் சுருக்கமாகப் பேசினேன். கந்தகனைத் தள்ளிவிட்டு ஆட்டைத் தேடிய கதையைச் சொன்னேன். வீட்டுக்காரர் எழுந்து நின்று கைதட்டினார். இவ்வளவு சீக்கிரம் முடிந்த சந்தோஷமாகவும் இருக்கலாம்.

சூமா பலகைக்கு முன்னால் நின்றார். முதலில் ஆட்டை வரைந்தார். கொம்பில் தொடங்கினார். தூரிகையைப் பலகையிலிருந்து எடுக்காமலே முதுகு, வயிறு, நான்கு கால்கள், தூக்கிய வால்.  பிறகு ஆட்டுக்குப் பின்னால் கந்தகன் எழுந்தான். அதே தோள், அதே முகமூடி, உள்ளங்கையில் அதே தீ. பஜனைக் குழுவில் ஒரு பெண் அரோகரா என்றாள். கால்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஆடு நின்றது.

கோமதிநாயகம் எழுந்தார். கையில் அழைப்பிதழ்.

"ஐயா… பாதம்?"

நான் மைக்கை எடுக்கப் போனேன். சூமா முந்திக்கொண்டார்.

"தம்பி, எனக்குக் கால் வராது. அதான் எப்பவும் மறைச்சிருதேன்."

 பிறகு முன்வரிசைப் பெண் ஒருத்தி, "அதுனால என்னய்யா? ஆடு நல்லா இருக்கு!" என்றாள். கூடமே சிரித்தது. சூமாவும் சிரித்தார். கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆனது.

சிரிக்காத ஒரே ஆள் கோமதிநாயகம்தான். விழா முடிந்ததும் நாற்காலி அடுக்குமிடத்தில் தனியாக நின்றார். போய், "செயலாளரே, வாழ்த்துகள்" என்றேன். பெருந்தன்மையாகத்தான் சொன்னேன்.

"போங்க டாக்டரம்மா" என்றார். "நான் சும்மா ஒரு பேச்சுக்குத்தான சொன்னேன். நீங்க கட்டுரை எழுதுதீங்கன்னதும், சரி, ஏதோ பெரிய காரணம் இருக்கும், கடைசியில நான் தோத்துருவேன்னு நெனச்சிட்டு இருந்தேன். எனக்கு என்னத்துக்கு உங்க பதவி?"

கேசரி இன்னொரு தட்டு வாங்கி வந்து அவருக்குக் கொடுத்தேன். சாப்பிட்டார்.

ஜூலை 16, ஞாயிறு

காலையில் மருந்தகத்துக்குக் கிளம்பும்போது சூமாவும் வருவேன் என்றார். ஊருக்குப் போகும் பேருந்து மதியம்தான். வாசல் பெஞ்சில் அட்டையும் பென்சிலுமாக உட்கார்ந்தார். நான் ஒரு கோழிக்குக் கழுத்துத் தையல் போட்டுக்கொண்டிருந்தேன்.

வெளியே பேச்சுச் சத்தம். சினை ஆட்டைக் கூட்டிவந்த தங்கையா என்ற பெரியவரிடம் சூமா சொல்லிக்கொண்டிருந்தார்: "அண்ணாச்சி, வேட்டியக் கொஞ்சம் ஏத்திக் கட்டுங்க. செருப்பக் கழட்டிருங்க. ஆட்டத் தள்ளி நிறுத்துங்க, காலு மறைக்கி."

"ஆட்டுக்குத்தான் உடம்பு சரியில்ல. எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார் தங்கையா.

"தெரியும். அசையாம நில்லுங்க."

கோழியை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தேன். சூமா நாக்கைக் கடித்துக்கொண்டு வரைந்தார். அழித்தார். மறுபடி வரைந்தார். தாளில் ஓட்டை விழுந்தது. இன்னொரு தாள் எடுத்தார். வரிசையில் நின்றவர்கள் ஆடு மாட்டை விட்டுவிட்டு அவரைச் சுற்றி நின்றார்கள். ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். பெருவிரல் பக்கத்தில் இன்னொரு விரல் வர வேண்டும் என்று ஒருவர் எண்ணிக் காட்டினார். தன் காலை நீட்டி, "இதப் பாத்துப் போடுங்க, இது லேசு" என்றாள் ஒரு பெண்.

கடைசியில் தாளைத் தங்கையாவிடம் காட்டினார். தங்கையா படத்தைப் பார்த்தார். குனிந்து தன் காலைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"என் காலு இப்படியாய்யா இருக்கு?" என்று கவலையோடு கேட்டார்.

சூமா தாளை என்னிடம் நீட்டினார். "டாக்டரம்மா, நீங்க சொல்லுங்க. உள்ளதச் சொல்லணும்."

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தேன்.

"கணுக்கால் வீங்கியிருக்குய்யா. விரல் ஒண்ணு கூடுதல். நகத்துல புண்ணு இருக்க மாதிரித் தெரியுது. என்கிட்ட வந்திருந்தா ஊசி போட்டிருப்பேன்."

"ம்."

"ஆனா நிக்குது."

சட்டென்று நிமிர்ந்தார். "நிக்குதா?"

"நல்லா நிக்குதுய்யா. தரையில."

தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டார். கையை நீட்டிப் பிடித்து, தலையைச் சாய்த்து, அந்த வீங்கிய காலையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தங்கையாவிடம் சொன்னார்:

"அண்ணாச்சி, அடுத்த கால முன்னால வைங்க."